நான்காவது ஷரத்து

"காரைக்கால்ல வீடு வாங்கிட்டேன்" என்றார் சவரிராஜ், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே.

அமலோற்பவமேரி அரிசி புடைத்த முறத்தைக் கீழே வைத்தாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஈஸ்டர் முடிந்த வாரம். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் ஓடிவருகிறது. இங்கே அரியலூரில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை பேசுகிறார்கள். இந்த மனிதர் மட்டும் எதிர்த் திசையில் போய், அதுவும் பிரெஞ்சுக்காரன் சீமையில், கடலைப் பார்த்த வீடு ஒன்றை வாங்கிவிட்டு வந்து நிற்கிறார்.

"எதுக்கு?"

"கோடைக்குப் போய்த் தங்கத்தான். கடல் காத்து, கடல் காத்துன்னு இருபது வருஷமா நீதானே சொல்றே."

"சொன்னேன். குண்டு விழறப்ப வாங்கச் சொன்னேனா?"

"இப்பதான் விலை விழுந்து கிடக்கு. விக்கிறவங்க வரிசையா நிக்கிறாங்க. வாங்கத்தான் ஆளில்ல."

பணம் ஏது என்று கேட்டாள். அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆவணியில் மகள் ஆரோக்கிய செல்விக்குக் கல்யாணம். நகைக்கென்று வைத்திருந்த பணம்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. சவரிராஜுக்குக் கடலை மண்டி. எதிர்வீட்டு வீரம்மாள் சும்மா விடுவாளா? "கடலை வித்த மனுஷன் இப்ப கடலையே வாங்கிட்டாராமே" என்று குழாயடியில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குள் வந்ததும் அமலோற்பவமேரி கை நீட்டினாள். "பத்திரத்தைக் கொடுங்க."

பத்திரம் முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. சவரிராஜுக்கு அதில் தன் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவளுக்குத் தெரியும். எட்டு வருஷம் காரைக்கால் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்தவள். 'எங்கப்பா சொற்பச் சம்பளத்துல கோயில் உபதேசியார்தான். ஆனா கொள்ளிடக்கரை நிலத்தை வித்து என்னைப் படிக்க வெச்சார்' என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள். அப்போதெல்லாம் சவரிராஜ் மண்டிக் கணக்கைப் பிரித்துக்கொள்வார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். விற்றவர் பெயர் மரிய புஷ்பத்தம்மாள், விதவை. ஒரே மகன் சைகோனில். விலை, மூவாயிரம்.

"மூவாயிரமா? இருந்த மொத்தத்தையும் கொடுத்துட்டீங்களா? விலை விழுந்து கிடக்குன்னு சொன்னீங்களே."

"விழுந்துதான் கிடக்கு. தரகர் எண்ணூறுக்கே முடிச்சுத் தரேன்னாரு."

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். நான்காவது ஷரத்தை ஒரு தரம் படித்தாள். நம்பாமல் இன்னொரு தரம் படித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டை விற்றவர் தம் ஆயுள் முடியும்வரை அந்த வீட்டிலேயே குடியிருப்பார். வாங்கியவர் குடும்பம் வருஷத்துக்கு இருபது நாள் வந்து மாடி அறையில் தங்கிக்கொள்ளலாம்.

"நம்ம வூட்டுக்கு நாமளே விருந்தாளியா? மூவாயிரத்தையும் வாங்கிக்கிட்டு வூட்டையும் வெச்சுக்கிட்டாளே. பிரெஞ்சு தெரியாத ஆளுன்னு தெரிஞ்சு தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கா. நீங்களும் பல்லைக் காட்டிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டீங்களாக்கும்."



அவள் மைக்கூட்டை எடுத்தாள். பத்திரம் எழுதிய நொத்தேருக்கு ஒரு கடிதம், ஒரு புள்ளி பிசகாத பிரெஞ்சில். என் கணவர் மொழி தெரியாமல் ஏமாற்றப்பட்டார். பணம் ஒரு மாதத்துக்குள் திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த அம்மாள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உறையை ஒட்டிக் கணவரிடம் நீட்டினாள்.

"இப்பவே தபால்ல போட்டுட்டு வாங்க."

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போனா அந்தம்மா தெருவுலதான் நிக்கணும், மேரி. பணம் பூரா கடன்காரங்களுக்குப் போயிருச்சு. சண்டை வந்ததிலேருந்து சைகோன்லேருந்து காசும் இல்ல, கடுதாசியும் இல்ல. மகன் உசுரோட இருக்கானான்னே தெரியல."

"ஏமாத்துறதுக்கு முன்னால அதை யோசிச்சிருக்கணும்."

"அவங்க ஏமாத்தல. அந்த நாலாவதை எழுதச் சொன்னதே நான்தான். அவங்க வேணாம்னு அழுதாங்க."

அமலோற்பவமேரி அவரை முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"உங்களுக்குப் புத்தி பிசகிப்போச்சா? பெத்த பொண்ணு நகைப் பணத்தை, ஊர் பேர் தெரியாத எவளோ ஒருத்திக்கு..."

"பேர் தெரியக் கூடாதுன்னு அவங்கதான் சொல்லியிருந்தாங்களாம். மாமா கண்ணை மூடறதுக்கு முந்தின நாள் என்கிட்ட மட்டும் சொன்னாரு."

"எங்கப்பாவா? அவருக்கும் இவளுக்கும் என்ன?"

சவரிராஜ் கடிதத்தை அவள் கையிலேயே திரும்ப வைத்தார்.

"போடணும்னா நீயே போட்டுடு. உபதேசியாருக்குக் கொள்ளிடக்கரையில ஏது நிலம்? இந்தக் கடுதாசியில நீ எழுதியிருக்கிற பிரெஞ்சுக்கு, எட்டு வருஷம் மடத்துல படிப்புச் சம்பளம் கட்டினவங்க அந்தம்மாதான்."