அரண்மனையைப் பார்க்கும் பெண்கள்

சதுக்கத்துப் பழைய பரோக் நீரூற்றில் நான்கு பருவங்களும் நான்கு கல் பெண்களாக நிற்கின்றன. அவர்கள் தோளில் சாய்த்த குடங்களிலிருந்து சிப்பி வடிவத் தொட்டிக்குத் தண்ணீர் விழுகிறது. தன் யன்னலிலிருந்து பார்த்தால் நான்கு முகமும் தெரியவேண்டும் என்று அந்தக் காலத்து இளவரசன் கேட்டானாம். அதனால் சிற்பி நால்வரையும் அரண்மனைப் பக்கமாகவே திருப்பிவைத்தான். சுற்றுலா வழிகாட்டி தக்சாயினி இதைத்தான் பயணிகளுக்கு டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கோயிலிலிருந்து வந்த அவளுடைய அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கல் பெண்ணின் காலடியில் பூ வைத்து, தொட்டித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். பயணிகள் சிரித்தார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

"பிள்ளை, இந்தா, பிரசாதம்," என்று அம்மா கையை நீட்டினார்.

"இவர் யாரென்று எனக்குத் தெரியாது," என்று தக்சாயினி பயணிகளிடம் டொச்சில் சொன்னாள்.

அம்மாவுக்கு அவ்வளவு டொச் விளங்கும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு ஆள் மாறிப்போச்சு."

மகளிடம் அவர் ஒருநாளும் மரியாதைக்கு 'ங்கோ' போட்டுப் பேசியதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அரண்மனைக்கு எதிர்ப்பக்கத்து டிராம் நிறுத்தத்துக்கு நடந்தார். தக்சாயினிக்குக் காது சுட்டது. நீரூற்றுக்கு முதுகைக் காட்டியபடி மிச்சக் கதையைச் சொல்லிமுடித்தாள்.

பயணிகளில் முன்னால் நின்ற முதியவர் கேட்டார்: "அரண்மனையைப் பார்க்கிறார்கள் என்றீர்களே?"

அவள் திரும்பினாள். நான்கு கல் முகங்களும் டிராம் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே அம்மா இன்னும் வெறுங்காலோடு நின்றார்.