மகள் சிரித்தபோது

அப்பா முகக்கவசத்தைக் காதில் மாட்டப் போனார். அதன் ரப்பர் நாடா பட்டென்று நழுவி அவர் மூக்கிலேயே அடித்தது.

கட்டிலில் படுத்திருந்த மூன்று வயது மகள் சிரித்தாள்.

அம்மா பதறி எழுந்தாள். "டாக்டரைக் கூப்பிடுங்க, மறுபடியும் வந்துடுச்சு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருவது. வெளியே ஒன்றும் தெரியாது. நினைத்த நேரத்தில் குழந்தையைச் சிரிக்க மட்டும் வைக்கும். அது சிரிப்பல்ல, வலிப்பு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. மண்டையைத் திறந்து அதை எடுத்து ஒரு வாரம் ஆகிறது.

அதற்கு முன்பு வீட்டில் அவளுக்குச் 'சிரிப்பு ராணி' என்றுதான் பெயர். வீட்டுக்கு வந்தவர் யாராவது கிளம்பினால், "கொஞ்சம் இருங்க, இப்ப சிரிப்பா பாருங்க" என்று அம்மா பிடித்து உட்கார வைப்பாள். சிரிப்பு வந்ததும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "இவ கண்ணு சிரிக்கலையே அண்ணி" என்று ஒருமுறை சொன்ன நாத்தனாரோடு அம்மா அன்றிலிருந்து முகங்கொடுத்துப் பேசவில்லை.

அறுவை சிகிச்சை செய்த டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கைகால்களை அசைத்துப் பார்த்தார்.

"எதுக்குடா கண்ணு சிரிச்ச?"

"அப்பா மூக்கு" என்றாள் மகள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"நிஜச் சிரிப்புதாம்மா. பயப்படாதீங்க."

அப்பா அழுதுகொண்டே இன்னொரு முறை நாடாவை இழுத்து மூக்கில் விட்டுக்கொண்டார். மகளின் கண், கன்னம், தோள் எல்லாம் சிரித்தன. பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள்.

அம்மாவால் மட்டும் முடியவில்லை.

கட்டி இருப்பது தெரியாத அந்த நாட்களில் ஒவ்வொரு சிரிப்பு அடங்கியதும் மகள் தட்டுத்தடுமாறி அம்மாவிடம் வருவாள். அம்மாவின் முகவாயைப் பிடித்துக்கொண்டு "போதும்மா" என்பாள். மகள் பேசிய முதல் வார்த்தையே அதுதான். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அதையும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள் அம்மா.

அப்போது கிச்சுகிச்சு மூட்ட யாரும் குழந்தையைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

அம்மாதான் தன்னை அப்படிச் சிரிக்க வைக்கிறாள் என்று மகள் நினைத்திருக்கிறாள்.