நகராத பச்சைப் பட்டை

"மறுபடியும் முதல்லேருந்தா? ஒரு வார்த்தைதானேடா மாத்தச் சொன்னேன்!"

அவள் போட்ட சத்தத்தில் தம்பி ஹெட்போனைக் கழற்றினான்.

"ஒரு வார்த்தையோ ஒன்பது வார்த்தையோ, இதுக்கு எல்லாம் ஒண்ணுதான்க்கா. படத்தை வெட்டி ஒட்டறது ஒரு சாஃப்ட்வேர். ஆடி அசைஞ்சு வர்ற எழுத்தைச் செய்யறது வேற சாஃப்ட்வேர். அதுல திருத்தி, ரெண்டர் போட்டு, அதாவது மெஷின் அதை முழு வீடியோவா செஞ்சு முடிக்கற வரைக்கும் காத்திருந்து, இங்க கொண்டுவந்து ஒட்டி, இங்க இன்னொரு ரெண்டர் போடணும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது."

"பேசிக்காத ரெண்டை எதுக்குடா ஒரே ரூம்ல வச்சிருக்கே?"

சுவரோர நாற்காலியில் இருந்த அவள் கணவர் தொண்டையைக் கனைத்தார்.

திரை முழுக்கக் கறுப்பு. நடுவில், ரெண்டர் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டை ஒன்று, நகர்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கெட்டுப்போன மிக்சி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி எதுவானாலும் அவர் பிரித்துச் சரிசெய்வார், அவள் வாய் ஓயாமல் விளக்குவாள். அப்படி வருடக்கணக்கில் ஓடியது அவர்கள் யூடியூப் சேனல். போன மாதம் சேனலைப் பாராட்டும் ஒரு விழாவுக்கு அவரை மட்டும் கூப்பிட்டார்கள். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 'நீயும் வா' என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று கடைசி வீடியோ. இனி அவரவர் வழி அவரவருக்கு என்று ஊருக்கே சொல்லிவிட்டால், அப்புறம் சமாதானம் பேச எவனும் வரமாட்டான். அவளுக்கும் அதுதான் வேண்டும். தம்பிதான், "ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பார்த்தாத்தான் தொடுவேன். ஆளுக்கொரு நாள் வந்து திருத்தம் சொன்னா என்னால ஆகாது" என்று அடம்பிடித்துத் தன் எடிட்டிங் அறைக்கு வரவழைத்திருந்தான்.

"உங்க மாமாகிட்ட கேளுடா. இன்னும் திருத்தம் இருந்தா இப்பவே சொல்லித் தொலைக்கச் சொல்லு."

"உங்க அக்காகிட்ட சொல்லுப்பா. 'பிரிகிறோம்'னு இருந்ததை 'விலகுகிறோம்'னு மாத்தச் சொன்னது நான் இல்ல."

"ஐயோ, ரெண்டு பேரும் என்னை விடுங்க!" தம்பி எழுந்தான். "ரெண்டர் முடியற வரைக்கும் மெஷினை மட்டும் தொட்டுடாதீங்க. பக்கத்துத் திரையில உங்க பழைய வீடியோ ஓடுது. கடைசியில சேர்க்க ஒரு துண்டு பார்த்து வைங்க. நான் ஒரு போன் பேசிட்டு வரேன்."

வேறு வழியில்லாமல் இருவரும் பக்கத்துத் திரையைப் பார்த்தார்கள். அதில் அவர் சிரித்துக்கொண்டே மிக்சிக்குள் கையை விடப்போனார். உடனே, "பிளக்! பிளக்கைப் புடுங்குங்க மொதல்ல!" என்று அவள் குரல் அலறியது. அவர் துள்ளியதில் ஸ்குரூவெல்லாம் நாலாபக்கமும் சிதறின.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அந்தக் கத்தலை ஏன் வெட்டாம விட்டீங்க?"

கேட்ட பிறகுதான் நடுவில் தம்பி இல்லாதது உறைத்தது.

"அதைப் பார்க்கத்தானே ஆளுங்க வந்தாங்க? நான் ஸ்குரூ கழட்டறதைப் பார்க்க எவன் வருவான்?"

அவர் தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்: "தம்பி வந்ததும் வீடியோவுல உன் பேரை முதல்ல போடச் சொல்லு. என் பேர் அப்புறம் வரட்டும்."

"இத்தனை நாள் தோணலியாக்கும்?"

"அந்த விழா மேடையில ஏறி நின்னப்பவே தோணிச்சு. ஒரு வார்த்தை பேச வரல. திரும்பித் திரும்பி உன்னைத்தான் தேடினேன். தப்புதான். வந்து சொல்றதுக்குள்ள நீ கிளம்பிட்டே." அவர் சட்டென்று எழுந்துகொண்டார். "டீ வாங்கிட்டு வரேன். சர்க்கரை கம்மிதானே?"

அவர் போனதும் அவள் கறுப்புத் திரைப் பக்கம் திரும்பினாள். இந்த மனுஷன் இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்னவாம்! இப்போது பேரை மாற்றினால் திரும்ப ஒரு ரெண்டர். அந்தப் பாழாய்ப்போன பட்டையோ இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மேல் காட்ட முடியாத கோபமெல்லாம் அதன் மேல் பாய்ந்தது.

"சனியனே, நகர்ந்து தொலையேன்!"

ஓங்கி அடித்ததில் கை கீபோர்டின் நீளப் பட்டனில் விழுந்தது. கொஞ்சநஞ்சம் ஊர்ந்துகொண்டிருந்த பச்சைப் பட்டையும் அப்படியே நின்றுவிட்டது. 'ஐயையோ, எல்லாம் போச்சு!' அவள் அவசரமாகக் கையை எடுத்தாள்.

பட்டை இருந்த திரையின் அடியில் மெல்லிய கோடு ஒன்று எழும்பியது. கோட்டின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் முக்கோணமாக, அவள் தினமும் பார்க்கிற பிளே பட்டன்.

அவள் வாயைப் பிளந்தாள். ரெண்டராவது மண்ணாவது! இவ்வளவு நேரம் ஓடியது தம்பி செய்துவைத்த வெறும் வீடியோ. எழுத்தை ஆட வைக்கிறவனுக்கு ஒரு பட்டையை ஊர்ந்து போக வைக்கவா தெரியாது? கண்ணாடிக் கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, அடப்பாவி, இன்னும் போனில் பேசுகிற மாதிரியே நின்றுகொண்டிருந்தான்.

"என்ன, முடிஞ்சுதா?" இரண்டு டம்ளர் டீயோடு கணவர் உள்ளே வந்தார்.

அவள் சட்டென்று மவுஸைப் பிடித்து, வெள்ளைப் புள்ளியைக் கோட்டின் ஆரம்பத்துக்கே இழுத்துவிட்டு, பிளே பட்டனைத் தட்டினாள்.

"எங்க முடிஞ்சுது? மறுபடியும் முதல்லேருந்தாம். உக்காருங்க."