இரண்டு ஓட்னர்

பையனுக்கு ஜெர்மன் இராணுவத்தின் அழைப்புக் கடிதம் வந்த நாள் முதல் அன்ரனிற்றாவுக்கு நித்திரையில்லை. கட்டாய சேவைக்கு எதிராக வீதியோரம் அமைதியாக நிற்க நகரசபையிடம் அனுமதி கேட்டாள். கிடைத்தது. "இரண்டு ஓட்னர் அவசியம்" என்றது அனுமதிக் கடிதம். புதிதாக இரண்டு ஃபைல்கள் வாங்கிக்கொண்டு அலுவலகம் போனாள்.

அதிகாரி சிரிப்பை அடக்கினார். "ஓட்னர் என்றால் ஃபைல்தான். ஆனால் போராட்டத்தில் ஒழுங்கு பார்க்கிற ஆளுக்கும் அதே சொல். இரண்டு பேர் வேண்டும்."

"ஒராள் என்ர மனுசன். வேற ஆளில்லை."

"உங்கள் மகன்?"

"எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. கடிதம் வந்தது மேல்வீட்டு தோமாஸுக்கு. எங்களுக்கு டொச் பாஷை படிப்பிச்ச பிள்ளை. இலங்கையில ஆமிக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், அவனைப் போ எண்டு விட ஏலாது."

அதிகாரி ஃபைல்களைப் பார்த்தார். பிறகு படிவத்தில் இரண்டாவது ஓட்னராகத் தன் பெயரை எழுதினார்.

"சனிக்கிழமை எனக்கு லீவுதான்."