யானை முத்திரை வண்டி

புதுக் காரின் மூக்கில் சந்தனம் வைக்கச் சம்பூர்ணம் குனியவும், அந்த வெள்ளை வண்டி ஷோரூம் வாசலுக்குள் திரும்பவும் சரியாக இருந்தது.

அமரர் ஊர்தி.

சர்வீசுக்கு வருவதென்றால் பின்பக்க வழியாகத்தான் வர வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. பின்பக்கம் யாரோ லாரியைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்களாம். நிறுத்துவதற்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது? அந்தக் காரை விற்க நின்ற வெற்றிச்செல்வி வண்டியையும் சம்பூர்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சம்பூர்ணமும் அவள் கணவர் அண்ணாதுரையும் ஆண்டிமடத்து முந்திரி வியாபாரிகள். நல்ல நேரம் பார்த்துப் பெரம்பலூருக்கு வந்திருந்தார்கள். காருக்குப் பொட்டு வைத்து, ஒரு தடவை ஏறி உட்கார்ந்து, அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுப் போவதாகப் பேச்சு.

காரின் மூக்கில் வெள்ளியில் ஒரு யானைத் தலை இருந்தது. சம்பூர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே வந்து நின்ற வண்டியின் மூக்கிலும் அதே யானைத் தலை.

சந்தனம் தொட்ட விரல் அந்தரத்தில் நின்றது.

"ஏம்மா, இது சாவு வண்டிக் கம்பெனியா?"

"அந்த வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கக்கா."

இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் அறிவரசன் சொல்லிக்கொடுத்திருந்தார். சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கசக்கும். இன்றைக்கும் கசந்தது.

ஐராவதம் கம்பெனியின் வரலாறு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். திருச்சியில் நடந்த பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கொல்லுப்பட்டறையில் ஆரம்பித்த கம்பெனி. அணை கட்ட மண் சுமந்தது அதன் லாரி. எல்லைக்குப் பட்டாளத்தை ஏற்றிப்போனதும் அதன் லாரிதான். ரெட்டிபாளையத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரிகளில் பாதிக்கு மூக்கில் இன்றைக்கும் யானைதான்.

என்ன பிரயோசனம்? இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குள் யானை முத்திரையோடு நுழைந்த முதல் சின்ன வண்டி ஆஸ்பத்திரியின் அமரர் ஊர்தியாகப் போய்விட்டது. மூன்று தலைமுறையாகச் சேர்த்த பேரை அது ஒன்றே வாரிக்கொண்டு போய்விட்டது. டெஸ்ட் டிரைவுக்குக் காரை எடுத்துக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், யார் வீட்டில் துக்கம் என்று பார்க்க ஜனம் வாசலுக்கு வந்துவிடுகிறது. இதில் எங்கே கார் விற்பது?

மாதக் கடைசி வேறு. இந்த மாதமும் ஒரு கார்கூடப் போகவில்லை என்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அறிவரசன் காலையில்தான் சொல்லியிருந்தார்.

அவளைக் கொண்டாடியவரும் அவர்தான். வேலைக்குச் சேர வந்தபோது, ஜவுளிக்கடையில் சம்பளம் கூடுதலாயிற்றே, இங்கே எதற்கு என்று கேட்டார். எங்க வீட்டில் இந்தக் கம்பெனி வண்டி மேல தனி மரியாதைங்க சார் என்றாள். மனிதர் குளிர்ந்துபோனார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் இந்தப் பொண்ணு ஐராவதம் குடும்பம் என்று அறிமுகம் செய்வார்.

இப்போது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

வெற்றிச்செல்வி கடைசியாக ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். "எதிர்ல வந்தா நல்ல சகுனம்னுதானேக்கா சொல்வாங்க?"

"எதிர்ல வந்தா நல்லதுதான். அதுக்காக அதுலயே ஏறி உக்காரச் சொல்றியா?"

அண்ணாதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். பழைய கம்பெனி, இன்ஜின் கெட்டியாக இருக்கும் என்று மெல்ல முனகினார். இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் அவர் வழிக்கு வந்திருப்பார்.

அதற்குள் அமரர் ஊர்தியின் டிரைவர் செல்லமுத்து இறங்கி, வாயெல்லாம் பல்லாக நேரே அவளிடம் வந்தார்.

"நல்லாருக்கியா பாப்பா? அம்மா எப்புடி இருக்கு?"

சம்பந்தமே இல்லை என்றவளைச் சம்பூர்ணம் மேலும் கீழும் பார்த்தாள். விரலில் இருந்த சந்தனத்தைத் தூணில் துடைத்தாள். கணவரை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர் ஷோரூமுக்குள் போய்விட்டாள்.

வெற்றிச்செல்விக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அறிவரசன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதலில் செல்லமுத்துவுக்கு விழுந்தது. அந்தச் சனியனைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்து என்று கத்தினார். செல்லமுத்து முகம் சுருங்கித் திரும்பிப் போனார். அப்புறம் அவள் முறை.

"ஊர்ல இருக்கிற சாவு வண்டி டிரைவரெல்லாம் உனக்குப் பழக்கமா? வேலைக்கு வரும்போது என்னமோ பெருசாச் சொன்னே, எங்க வூட்டுல தனி மரியாதைன்னு. யாரு வச்சிருந்தா ஐராவதம் கார்? உங்கப்பாவா?"

வெற்றிச்செல்வி தூணில் காய்ந்துகொண்டிருந்த சந்தனத்தையே பார்த்தாள்.

"எங்கப்பா சிமெண்ட் மூட்டை தூக்குனவரு சார். அவரு காருன்னு ஏறுனதே ஒரே ஒரு தடவதான். பெரியாஸ்பத்திரிலேருந்து பூலாம்பாடிக்கு. எங்க தெருன்னதும் ஒரு கார்க்காரனும் வரலீங்க. செல்லமுத்தண்ணன்தான் அலுங்காமக் கொண்டாந்து வூட்டு வாசல்ல எறக்குனாரு."

அறிவரசன் வாசல் பக்கம் திரும்பினார்.

வெளியே செல்லமுத்து வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். வாசல் ஓரத்தில் ஒரு பள்ளம் உண்டு. உள்ளே யாரும் இல்லை, காலி வண்டிதான். ஆனாலும் பள்ளம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சக்கரமாக மெதுவாக இறக்கினார்.