ஆறாத டீ

டீயின் மேல் படிந்த பாலாடையைச் சுண்டுவிரலால் வழித்து, பெஞ்சின் அடியில் தேய்த்துவிட்டு, ராஜமாணிக்கம் மேஸ்திரி கடைக்காரியை முறைத்தார்.

குடிக்கவே முடியாத சூடு.

அந்தமானின் பாராடாங் படகுத்துறையில் ஜெயமணி இந்த ஓலைக் கொட்டகையைப் போட்டு எட்டு மாதமாகிறது. அவளுடைய டீயின் சூட்டைத் திட்டாத கூலியாள் கிடையாது. ஆனால் திட்டிக்கொண்டே உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பார்கள்.

மற்ற டீக்கடைக்காரன் என்றால், குடித்தவன் எழுந்தானா, அடுத்தவன் உட்கார்ந்தானா என்று பார்ப்பான். இவள் ஒரு கிளாஸுக்கு ஒருவனை அரைமணி நேரம் உட்கார வைக்கிறாள். அத்தனை நேரமும் அவன் வாயையும் கையையுமே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படியும் ஒரு வியாபாரம் உண்டா?

மேஸ்திரிக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். அதனாலேயே இத்தனை மாதமும் இந்தக் கடையில் அவர் வாய் நனைத்ததில்லை. இன்று டேக்கேதாரே சொல்லி அனுப்பியிருந்தார். ரோடு காண்டிராக்ட் அவருடையது, கடை நிற்கும் இடமும் அவருடைய கேம்ப்தான். ஆட்களுக்கு அங்கே சாராயம் ஓடுகிறதா என்று பார். ஓடினால் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு வா என்றார்.

ஓடாமலா இருக்கும்?

அவள் கதை கேம்ப் முழுக்கத் தெரிந்ததுதான். ஓடிப்போன புருஷனைத் தேடி ஒரு தகரப் பெட்டியோடு மெட்ராஸ் கப்பலில் வந்தவள். ஒன்றரை வருஷம் தீவு தீவாக அலைந்து, கடைசியில் மாயாபந்தரில் ஆளைப் பிடித்தாள். அவனோடு வேறொருத்தியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

வேறு பெண்ணாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு அடுத்த கப்பலில் ஏறியிருப்பாள். இவள் அழவும் இல்லை, ஊருக்குப் போகவும் இல்லை. வடக்கே வேலைக்குப் போகிற எவனும் படகுக்குக் காத்திருந்தே ஆகவேண்டிய இந்தத் துறையில் வந்து அடுப்பு மூட்டிவிட்டாள்.

தனியாளாக நிற்கிற பொம்பளைக்கு இவ்வளவு தைரியம் டீத்தூளிலிருந்தா வரும்?

கூலிகள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். ஆள் குடிக்கக் குடிக்க அவள் மூலைக்குப் போவாள். சாக்கை விலக்கி ஒரு பிஸ்கட் டின்னைத் திறப்பாள். எதையோ பார்த்துவிட்டு மூடிவிடுவாள்.

இப்போதும் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். திரும்பும்போது எதையோ இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கஞ்சாவாகவும் இருக்கலாம் என்று நினைத்தார் மேஸ்திரி.

"அந்த டின்ன இங்க எடு."

"நீங்களே எடுத்துப் பாருங்கண்ணே. போட் வர்றதுக்கு இன்னும் டைம் இருக்கு."

அழுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

டின்னில் பாட்டிலும் இல்லை, பொட்டலமும் இல்லை. எல்லாம் மெயின்லேண்டிலிருந்து வந்த இன்லண்ட் கடிதங்கள். நாற்பது, ஐம்பது இருக்கும். எல்லாமே பெண்கள் எழுதியவை, அல்லது பெண்கள் சொல்லி யாரோ எழுதியவை.

'என் வீட்டுக்காரர் டீயில் ஒரு கல் உப்புப் போட்டுத்தான் குடிப்பார்' என்றது ஒன்று. 'கிளாஸைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டே இருப்பார்' என்றது இன்னொன்று. வடையை நனைத்து, நனைந்த இடத்தை மட்டும் கடிக்கிற ஒருவனைத் தேடித் தூத்துக்குடியிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்.

மேஸ்திரி புரியாமல் நிமிர்ந்தார்.

"என் ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு ஒண்ணரை வருசம் ஆச்சுண்ணே. இந்த இடத்துல ஒரு டீக்கடை இருந்திருந்தா ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கும். அப்பத்தான் தோணுச்சு. வர்றவன் பேரை மாத்திக்கிறான், மீசையை மாத்திக்கிறான். கையில கொதிக்கக் கொதிக்க ஒரு டீயைக் குடுத்தா மட்டும் வீட்டுல குடிச்ச மாதிரியேதான் குடிக்கிறான்."

கப்பலில் ஊருக்குப் போகிறவர்கள் மூலம் சேதி பரவி, பெண்கள் எழுதுகிறார்களாம். ஆளைக் கண்டு எழுதினால் பத்து ரூபாய் மணியார்டர் வரும் என்றாள். இதுவரை பதினாலு பேர்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரியான கைகாரி. சாராயமெல்லாம் இல்லை, கடை இருந்துவிட்டுப் போகட்டும் என்று டேக்கேதாரிடம் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தார்.

ஜெயமணி இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து நீட்டினாள். அதுவும் ஒரு கடிதம்தான்.

'அவர் பெயர் பழனிசாமி. போய்ப் பதினோரு வருஷமாகிறது. டீயில் ஆடை படிந்தால் அவருக்கு ஆகாது. சுண்டுவிரலால் எடுத்து, உட்கார்ந்திருக்கும் பலகைக்கு அடியில் தேய்த்துவிடுவார். எத்தனையோ தடவை சொல்லியும் கேட்டதில்லை. அவர் திரும்பி வரவேண்டாம். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் திரு என்று போடுவதா, காலஞ்சென்ற என்று போடுவதா என்று தெரிந்தால் போதும். இப்படிக்கு, நாகரத்தினம்.'

மேஸ்திரியின் சுண்டுவிரல் இன்னும் பிசுபிசுத்தது.

மகளுக்குக் கல்யாணம் என்ற வரியை விட்டுக் கண் நகரவில்லை. அவர் கிளம்பி வந்தபோது அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

துறையிலிருந்து படகுக்காரன் ராஜமாணிக்கம் மேஸ்திரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர் எழுந்திருக்கவில்லை.

ஜெயமணி ஈரத்துணியோடு குனிந்து பெஞ்சின் அடியைத் துடைத்தாள்.

"டேக்கேதார்கிட்ட என்ன வேணும்னாலும் சொல்லிக்கங்க. கப்பல் வெள்ளிக்கிழமை போகுது. அக்காவுக்கு நான் என்னன்னு எழுதட்டும்?"