ஆறாவது வளைவில் நின்ற கார்

மலைப்பாதையில் கார் நின்றது ஆறாவது வளைவிலா, ஏழாவதிலா என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. வருடம் 1999 என்றுதான் நினைக்கிறேன். அன்று வந்த அருவருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

காளப்பநாயக்கன்பட்டியில் பட்டறை வைத்திருந்த ஷாஹுல், பழைய கார் எஞ்சினில் வேகம் கூட்டும் டர்போ பொருத்தி, பெட்ரோலுக்குப் பதில் எத்தனால் என்னும் எரிசாராயத்தில் ஓட வைத்திருந்தான். மலையிலிருந்து சின்னுசாமி மரவள்ளிக்கிழங்கில் அதைக் காய்ச்சிக் கொண்டுவருவார். பட்டறையில் வைத்தால் ஆட்கள் குடித்துவிடுவார்கள் என்று, ஊர் நூலகரான என் அறையில் கேன்களை வைத்திருந்தான்.

மலையடிவாரமான காரவள்ளியிலிருந்து உச்சிவரை நிற்காமல் ஏறினால் எஞ்சினை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கோவைக்காரர் ஒருவர் வந்திருந்தார். ஷாஹுல் ஓட்ட, நானும் சின்னுசாமியும் கூடப் போனோம். கார் பாதி வழிகூட ஏறவில்லை. அவர் சிரித்துவிட்டுத் தன் ஜீப்பில் இறங்கிப் போனார்.

ஷாஹுல் டேங்கிலிருந்து கொஞ்சம் தரையில் ஊற்றித் தீக்குச்சி கிழித்தான். சுடர் உடனே அணைந்தது. ஈரம் மிஞ்சியது.

"தண்ணி! பெட்ரோல்னா தண்ணி அடியில தங்கிக் காட்டிக் குடுத்துரும். இதுல கலந்தாத் தெரியாது. நான் எஞ்சின்ல டர்போ மாட்டுனா, நீ வயித்துல மாட்டிக்கிட்டயா சின்னுசாமி?"

"ஏனுங்க பாய், குலசாமி மேல ஆணையா ஒரு சொட்டுத் தொடலீங்க. சார், நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பாரு, உன்னப் பாக்கவே சாருக்குக் குமட்டுது."

சின்னுசாமி மலைமேல் நடந்தார்.

ஷாஹுல் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, குவைத்துக்கு டிரைவராகப் போனான். சின்னுசாமி அதன்பிறகு எங்கள் ஊருக்கு இறங்கவே இல்லை. நான் அன்றோடு குடியை விட்டுவிட்டேன். குடித்தேன் என்பதே இன்றுவரை யாருக்கும் தெரியாது.